தேயிலைக் கணக்கும் தளருங் கணிப்பொறியும்

மலைநாட்டுத் தோட்டங்களிலே கணக்கு என்பது நெடுங்காலம் கணக்கப்பிள்ளையின் கைக்கே உரியதாயிருந்தது. காலையிற் பிரட்டுக்களத்திலே பேர் பதிதல், கொழுந்து நிறுத்தல், நிறை குறையின் அரைப்பேர் இடுதல், மாத முடிவிற் செக்றோல் கூட்டிச் சம்பளம் வகுத்தல் ஆகிய யாவும் பேனாவினால் நிகழ்ந்தன. இன்று நுவரெலியா, அற்றன் பகுதிக் கந்தோர்களில் கணிப்பொறியும் அவ்வேலையிற் பங்கு கொண்டுள்ளது. அப்பொறி ஒருநாள் விரைந்தும் மறுநாட் சோர்ந்தும் இயங்குமாயின் கணக்குப் பிந்தும். பிந்துவதன் சுமை லயத்து அடுப்பிலே தெரியும்.

இந்நோய் புதியதன்று. உலகில் அலுவலகக் கணக்கை நாளாந்தம் செய்த முதற் கணிப்பொறியே ஒரு தேயிலை வாணிகரின் பொறி என்பதை நம்மவர் பலர் அறியார். இலண்டனில் தேயிலையும் அப்பமும் விற்றுப் பெருகிய லயன்ஸ் கம்பனியார், கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தின் எட்சாக் பொறியைப் பின்பற்றி, லியோ என்னும் பொறியைத் தம் கட்டடத்திலேயே அமைத்தனர். 1951 நவம்பரில் அது வெதுப்பகக் கணக்கை ஒழுங்காகச் செய்யத் தொடங்கிற்று. தேயிலைக் கலவைக் கணக்கும் பின்னர் அதன் வேலைகளுள் ஒன்றாயிற்று. கொழுந்து நிறுத்த கணக்கு இங்கே பேனாவில்; கலவைக் கணக்கு அங்கே பொறியில்.

அப்பொறியில் ஏறத்தாழ 6,000 வால்வுகள் இருந்தன. நினைவகமோ பாதரசம் நிரப்பிய 64 நெடுங்குழாய்கள். எண்கள் அவற்றினூடே ஒலியலைகளாய் ஓடிக்கொண்டிருந்தன. வெப்பநிலை மாறின் பாதரசத்தில் ஒலியின் வேகமும் மாறும். முதிர்ந்த வால்வு ஒருகால் வேலை செய்யும், ஒருகால் செய்யாது. பழுது தேடுவோன் அருகே வந்ததும் பிழை மறைந்துவிடும். முறைக்காய்ச்சற்காரனை வைத்தியர் பார்க்கும்போது காய்ச்சல் தணிந்திருப்பது போல.

ஜோன் பிங்கேர்ட்டன் தலைமையிலான பொறியியலாளர் இதற்குக் கண்ட வழி, பிழைக்காகக் காத்திராது அதனை வலிந்து வரவழைத்தல். வேலை தொடங்குமுன் மின்னழுத்தத்தை வேண்டுமென்றே கூட்டியும் குறைத்தும், விடை தெரிந்த சோதனைக் கணக்குகளை ஓட்டினர். தளர்ந்த வால்வு அந்நெருக்கடியில் தன்னைக் காட்டிக்கொடுத்தது. அதனை மாற்றிய பின்பே அன்றைய அலுவல். இது மிக நுண்ணிய யோசனை என்பது எம் கருத்து. இலிகிதர் ஒருவர் 8 நிமிடத்திற் செய்த சம்பளக் கணக்கை லியோ ஒன்றரை நொடியிற் செய்தது. எனினும் 1954 தொடக்கம் வரை, இலிகிதர் கணக்கோடு ஒப்பிடாது சம்பளத்தை அதன் பொறுப்பில் விட்டாரல்லர். ஒரே பொறியை நம்புதல் தகாதென்பதும் 1957இல் இரண்டாம் பொறி எழுந்ததற்கு ஒரு காரணம்.

லியோ பிழைத்தால் நின்றுவிடும், அல்லது தவறான விடை தரும். இன்றைய பொறியோ தன் நோயை மறைத்துக்கொண்டு மெல்ல நடக்கும். செயலி மிகச் சூடேறின், எரிந்துபோகாதவாறு தானே வேகத்தைத் தாழ்த்துகிறது. தட்டிற் பழுதுற்ற இடத்தை மீண்டும் மீண்டும் படித்துப் பார்க்கிறது. நினைவகம் போதாவிடின் தட்டையே நினைவகமாகக் கொண்டு இழுபடுகிறது. ஆதலின் மெதுமை என்பது பெரும்பாலும் மறைக்கப்பட்ட பிழையே.

இங்கும் பிங்கேர்ட்டன் வழியே வழி. சோரும் நேரத்தைக் குறித்து வருக. நாள்தோறும் ஒரே வேளையாயின், வைரஸ் சோதனையோ மென்பொருட் புதுப்பித்தலோ பின்னணியில் ஓடுகிறதென்று ஐயுறலாம். விண்டோஸ் பொறியிலுள்ள டாஸ்க் மானேஜர் எது வளத்தை உண்கிறதெனக் காட்டும். மின்தடையின்போது மட்டுமாயின், மின்கலத்திலோடும் மடிக்கணினி மின்னைச் சேமிக்கிறது. நேரம் பிடிபடாவிடிற் கனத்த கணக்கொன்றை அரைமணி ஓட்டி வெப்பத்தை அளக்க. நுவரெலியாவின் குளிரிற் பொறி சூடேறாதென்று எண்ணுதல் கூடாது. தொழிற்சாலைக்கு அணித்தான கந்தோரிலே தேயிலைத் தூசி விசிறியை அடைத்துவிடுமாயின், வெளிக்குளிர் உள்ளே எட்டாது. பொறியை நிறுத்தித் தூசியை அகற்றியபின் வேகம் மீளுமாயிற் காரணம் அதுவே. மீளாது, தட்டு முனகும் ஒலியும் கேட்குமாயின், வேறெந்தச் சோதனைக்கும் முன்னர் அம்மாதச் செக்றோலை வேறொரு தட்டிற் படியெடுத்து வைத்தல் வேண்டும்.