ஊரார் வரியில் எழுந்த கல்லூரிகள்



ஒரு கல்விக்கூடத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் கட்டடங்களையும், அங்குப் பயின்று புகழ் பெற்றோரையும் பற்றியே எழுதுவர். அக்கல்விக்கூடத்திற்குப் பொருள் கொடுத்தவர் யார்? அப்பொருளைச் செலவிடும் அதிகாரம் எவரிடம் இருந்தது? அதிகாரம் பெற்றோர் யாருடைய சொல்லுக்குச் செவி சாய்த்தனர்? இம்மூன்று வினாக்களையும் எழுப்புவோர் சிலரே. ஆயினும் ஒரு நிறுவனம் நிலைப்பதும் நலிவதும் இம்மூன்றையே பொறுத்துள்ளன. இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டுவது அமெரிக்க நாட்டுச் சமுதாயக் கல்லூரிகளின் வரலாறாகும். கலிபோர்னியா மாநிலத்தையும், அங்குள்ள சான்பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியையும் முன்னிறுத்தி அவ்வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

சமுதாயக் கல்லூரி என்பது ஒரு வட்டாரத்து மக்களுக்காக அவ்வட்டாரத்திலேயே நடத்தப்பெறும் ஈராண்டுக் கல்லூரி. பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை அங்கே குறைந்த செலவில் முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்திற்குச் செல்லலாம். செவிலியர் பணி, வாகனம் பழுது நீக்குதல், கணக்குப் பதிவு போன்ற தொழில்களைக் கற்றுக்கொண்டு நேரே வேலைக்கும் செல்லலாம். வேற்றுநாட்டிலிருந்து குடியேறியோர் ஆங்கிலம் கற்பதும் இங்கேதான். மதிப்பெண் குறைந்தவர், படிப்பை இடையில் விட்டவர், பகலில் உழைத்து மாலையில் படிக்க வருபவர் ஆகிய எவரையும் திருப்பி அனுப்பாத திறந்த வாசலே இதன் சிறப்பு.

தொடக்கம்

1901ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில், அவ்வூர் உயர்நிலைப் பள்ளியின் தலைவராயிருந்த ஸ்டான்லி பிரவுன் என்பவரும், சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் கலந்து பேசியதன் பயனாக, ஆறு மாணவர்களுடன் இத்தகைய கல்வி தொடங்கிற்று. வெளியூர் சென்று தங்கிப் படிக்க வசதியற்ற பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தின் முதலிரண்டு ஆண்டுப் பாடங்களை உள்ளூரிலேயே கற்பிப்பது அதன் நோக்கமாகும்.

கலிபோர்னியா 1907இல் ஒரு சட்டம் இயற்றி, உயர்நிலைப் பள்ளிகள் இவ்வாறான மேல்வகுப்புகளை நடத்த அனுமதி வழங்கியது. அனுமதி கிடைத்ததே தவிர, அதற்கென நிதி எதுவும் ஒதுக்கப்படவில்லை. எனினும் 1910இல் பிரெஸ்னோ என்னும் ஊர் துணிந்து முதற்கல்லூரியைத் தொடங்கியது. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகவே அரசின் நிதியுதவி வந்தது. பின்னர் 1921இல் இயற்றப்பட்ட சட்டம், கல்லூரிக்கெனத் தனி வட்டாரத்தை அமைத்துக்கொள்ள மக்களுக்கு வழிவகுத்தது. அவ்வட்டாரத்து வாக்காளர்கள் ஒரு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பர். அக்குழு வட்டாரத்துச் சொத்துகளின்மீது வரி விதித்துக் கல்லூரியை நடத்தும். கொடுப்பவர், தேர்ந்தெடுப்பவர், பயன் பெறுபவர் ஆகிய மூவரும் ஒரே ஊராராக இருந்தமையால், வரி செலுத்தியவர் நிர்வாகியின் முகத்தைப் பார்த்துக் கணக்குக் கேட்க முடிந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு 1947இல் தன் அறிக்கையை வெளியிட்டது. சமுதாயக் கல்லூரி என்னும் பெயரை நாடெங்கும் பரப்பியது அவ்வறிக்கையே. இக்கல்லூரிகள் கட்டணமின்றி நடத்தப்படவேண்டும் என்றும், உள்ளூர் மக்களின் பொறுப்பில் இருக்கவேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. 1960இல் கலிபோர்னியா வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டம், தேர்ச்சியில் முன்நிற்கும் எட்டில் ஒரு பங்கு மாணவர்க்கு மாநிலப் பல்கலைக்கழகத்திலும், மூன்றில் ஒரு பங்கினர்க்கு அரசுக் கல்லூரிகளிலும் இடமளித்தது. எஞ்சிய அனைவர்க்கும் வாசல் திறந்துவைக்கும் பெரும்பொறுப்பு இந்த ஈராண்டுக் கல்லூரிகளின் தோளில் ஏறியது. 1967இல் இவற்றுக்கென மாநில அளவில் ஓர் ஆட்சிக்குழு அமைந்தது. எனினும் அன்றாட நிர்வாகம் வட்டாரக் குழுக்களிடமே இருந்துவந்தது.

ஒரு வாக்கெடுப்பு, ஒரு திருப்பம்

1978ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் கலிபோர்னியா மக்கள் 13ஆம் முன்மொழிவு என்னும் சட்டத்திருத்தத்திற்கு வாக்களித்து அதனை நிறைவேற்றினர். வீட்டு விலை ஏற ஏறச் சொத்துவரியும் ஏறியதால் முதியோரும் நடுத்தர வகுப்பாரும் அல்லலுற்ற காலம் அது. அவர்களுடைய துயரம் மெய்யானது என்பதை நாம் மறுக்கவில்லை. சொத்துவரி மதிப்பில் 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மதிப்பீடும் ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயரக் கூடாது. தனிவரி எதனையும் விதிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர் இசைய வேண்டும் என்று அத்திருத்தம் கூறிற்று. ஒரே ஆண்டில் சொத்துவரி வருவாய் பாதிக்கும் கீழாகச் சரிந்தது.

இதனால் கல்லூரிகளுக்கு நேர்ந்தது யாது? வட்டாரக் குழுவினரை மக்கள் முன்போலவே தேர்ந்தெடுத்தனர். குழுவும் முன்போலவே கூடியது. ஆனால் வரி விகிதத்தை வகுக்கும் உரிமை அதன் கையை விட்டுப் போயிற்று. ஒரு கல்லூரிக்கு உரிய தொகை இவ்வளவு என்பதை மாநில அரசே கணக்கிட்டு, அதிலிருந்து உள்ளூர்ச் சொத்துவரியையும் மாணவர் கட்டணத்தையும் கழித்து, மீதியைத் தரும் முறை ஏற்பட்டது. ஆகவே பெரும்பாலான வட்டாரங்களில் உள்ளூர் வரி வருவாய் கூடினால் அரசின் பங்கு குறையுமேயன்றிக் கல்லூரியின் கைப்பொருள் கூடாது. பணம் தலைநகரிலிருந்து வரத் தொடங்கியதும், கல்லூரித் தலைவர்களின் கண்களும் ஊராரை விட்டுத் தலைநகரை நோக்கித் திரும்பின. பொருள் வரும் திசையில் அதிகாரமும் செல்லும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அதுகாறும் கட்டணமின்றி இருந்த கல்வி, 1984இல் பாட அலகு ஒன்றுக்கு 5 டாலர் என்னும் கட்டணத்திற்கு உட்பட்டது. பின்னர் மாநில நிதி நிலைமை தாழும்போதெல்லாம் கட்டணம் ஏறியது. 2012இல் அது 46 டாலரை எட்டிற்று. வறியோர்க்குக் கட்டண விலக்கு உண்டெனினும், வாசலில் ஒரு படி உயர்ந்துவிட்டது என்பதே உண்மை.

ஆலோசனை கூறுவோரின் இடம்

நிர்வாகக் குழு எவ்வளவு நல்லோரைக் கொண்டதாயினும், அது அனைத்தும் அறிந்திருக்க இயலாது. ஆகவே இக்கல்லூரிகள் உள்ளூர் ஆலோசகரைப் பல வகைகளில் அணைத்துக்கொண்டன.

முதலாவது, தொழிற்படிப்புகளுக்கான ஆலோசனைக் குழு. செவிலியர் படிப்பாயின் அவ்வூர் மருத்துவமனைகளில் பணிபுரிவோரும், வாகனப் படிப்பாயின் பணிமனை நடத்துவோரும் அதில் அமர்வர். எந்தக் கருவி வழக்கொழிந்தது, எந்தத் திறமைக்கு ஊரில் ஆள் தேவை என்பதை அவர்களே அறிவர். கலிபோர்னியாச் சட்டம் ஒவ்வொரு தொழிற்படிப்பையும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிர்வாகக் குழு ஆய்வு செய்யவேண்டும் என விதிக்கிறது. தொழிற்கல்விக்கான 2018ஆம் ஆண்டு நடுவணரசுச் சட்டமும், நிதி பெறும் கல்லூரி தன் வட்டாரத்தின் தேவைகளை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்கெடுக்க வேண்டும் என்றும், அப்போது தொழில்முனைவோர், ஆசிரியர், மாணவர் உள்ளிட்டோரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றும் கூறுகிறது.

இரண்டாவது, கல்லூரிக்குள்ளேயே இருப்போரின் ஆலோசனை. 1988இல் இயற்றப்பட்ட சட்டம், பாடத்திட்டம் முதலிய கல்வி சார்ந்த பொருள்களில் ஆசிரியர் பேரவையைக் கலந்தே நிர்வாகக் குழு முடிவெடுக்க வேண்டுமென்றது. அலுவலர்க்கும் மாணவர்க்கும் தம்மைப் பாதிக்கும் செய்திகளில் கருத்துரைக்கும் உரிமையை வழங்கிற்று.

மூன்றாவது, நம் கவனத்தை மிகவும் ஈர்ப்பது. 2000ஆம் ஆண்டு நவம்பரில் நிறைவேறிய 39ஆம் முன்மொழிவின்படி, கட்டடப் பணிக்குக் கடன் பத்திரம் வெளியிட 55 விழுக்காடு வாக்காளர் இசைந்தால் போதும். அதற்கு ஈடாகக் குடிமக்கள் கண்காணிப்புக் குழு ஒன்றை அமைக்க வேண்டும். குறைந்தது ஏழு பேர் கொண்ட அக்குழுவில் வணிகர், மூத்த குடிமக்கள் அமைப்பினர், வரி செலுத்துவோர் சங்கத்தினர், மாணவர் ஆகியோர் இடம்பெறுவர். கல்லூரியின் ஊழியரோ, அதற்குப் பொருள் விற்பவரோ, அதன் ஒப்பந்தக்காரரோ அதில் உறுப்பினராகக் கூடாது. உறுப்பினர்க்கு ஊதியமும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவர்கள் மக்கள்முன் அறிக்கை வைக்க வேண்டும். பணியைச் செய்பவரே அப்பணிக்குச் சாட்சியாக நிற்கலாகாது என்னும் நீதி இவ்விதியில் அடங்கியுள்ளது.

இவையன்றி, 1953ஆம் ஆண்டு முதல் நடப்பிலுள்ள திறந்த கூட்டச் சட்டத்தின்படி நிர்வாகக் குழு பொதுமக்கள் முன்னிலையில்தான் கூடவேண்டும். வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலை 72 மணி நேரத்திற்கு முன்னரே அறிவிப்புப் பலகையில் வைக்க வேண்டும். எழுந்து நின்று பேச எவர்க்கும் வாய்ப்பு உண்டு.

சான்பிரான்சிஸ்கோ தரும் படிப்பினை

இத்தனை ஏற்பாடுகள் இருந்தும் ஒரு கல்லூரி தடுமாறியது எங்ஙனம்? சான்பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரி 1935இல் தொடங்கப்பட்டது. சொந்தக் கட்டடம் இல்லாத தொடக்க ஆண்டுகளில் நகரின் பல இடங்களில் வகுப்புகள் நடைபெற, மாணவர்கள் டிராம் வண்டியேறி அங்குமிங்கும் சென்று பயின்றனர். 1940இல் சொந்த வளாகம் திறக்கப்பட்டது. 1970இல் பள்ளி நிர்வாகத்திலிருந்து பிரிந்து, மக்கள் தேர்ந்தெடுக்கும் ஏழு அறங்காவலர்களின்கீழ்த் தனி வட்டாரமாயிற்று. காலப்போக்கில் எண்பதாயிரத்திற்கும் மேற்பட்ட மாணவர்கள் பயிலும் பெருநிறுவனமாக அது வளர்ந்தது.

கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஆணையம் 2006இலேயே எட்டுக் குறைகளைச் சுட்டிக்காட்டியிருந்தது. அவை முழுமையாகத் தீர்க்கப்படவில்லை. 2008க்குப் பின்னர் மாநில அரசு நிதியைக் குறைத்தபோது கல்லூரியின் சேமநிதி கரைந்தது. கலந்து முடிவெடுப்பது என்னும் நல்வழக்கமே, யார் முடிவெடுப்பது என்ற குழப்பமாக மாறிப் பணிகள் தேங்கின. 2012இல் ஆணையம் 14 பரிந்துரைகளை முன்வைத்துக் கடும் எச்சரிக்கை விடுத்தது. அவ்வாண்டு நவம்பரில் நகர மக்கள், நிலப்பகுதி ஒன்றுக்கு ஆண்டுதோறும் 79 டாலர் தனிவரி செலுத்த மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட வாக்குகளால் தாமே இசைந்தனர். தம் கல்லூரியை ஊரார் கைவிடவில்லை என்பதற்கு இது சான்று.

ஆயினும் 2013 ஜூலையில் ஆணையம் அடுத்த ஆண்டு முதல் அங்கீகாரத்தை நீக்குவதென முடிவு செய்தது. மக்கள் தேர்ந்தெடுத்த அறங்காவலர்களின் அதிகாரம் நிறுத்திவைக்கப்பட்டு, மாநிலம் அமர்த்திய ஒரே ஒருவரின் கையில் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டது. நகர வழக்கறிஞர் நீதிமன்றம் சென்றார். ஆணையம் தன் முடிவை எடுத்த முறையில் சட்டத்தை மீறியுள்ளது என்று 2015இல் தீர்ப்பளிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அறங்காவலர்களுக்கு அதிகாரம் திரும்பியது. 2017 ஜனவரியில் ஏழாண்டுகளுக்கு அங்கீகாரம் உறுதி செய்யப்பட்டது. ஆனால் அதற்குள் கல்லூரி மூடப்படும் என்ற அச்சத்தால் பல்லாயிரம் மாணவர்கள் வெளியேறிவிட்டனர். பெரியோர் வழக்காடிய ஆண்டுகளில் படிப்பை இழந்த ஏழைப் பிள்ளைகளுக்கு எந்தத் தீர்ப்பு ஈடு செய்யும்?

2016இல் ஐம்பது லட்சம் டாலருக்கு மேற்பட்ட விலைக்குக் கைமாறும் சொத்துகளின்மீது கூடுதல் வரி விதிக்க அந்நகர மக்கள் வாக்களித்தனர். அதன் துணையோடு 2017 முதல் நகரவாசிகளுக்குக் கட்டணமில்லாக் கல்வி மீண்டும் கிடைத்தது. எனினும் வருவாய்க்கு மிஞ்சிய செலவு என்னும் நோய் முற்றிலும் தீரவில்லை. 2022இல் முழுநேர ஆசிரியர்கள் பலர் பணியிழக்க நேர்ந்தது. ஊராரின் அன்பு ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றும். ஆனால் கணக்கில் ஒழுங்கு இல்லையேல் அவ்வன்பும் திரும்பத் திரும்ப ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீராகும்.

நிறைவாக

சமுதாயக் கல்லூரி என்னும் பெயர் நமக்கும் புதிதன்று. அமெரிக்க அனுபவத்தை உற்றுநோக்கி 1990களின் நடுப்பகுதியில் புதுச்சேரியிலும் சென்னையிலும் இத்தகைய கல்லூரிகள் தொடங்கப்பெற்றன. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பலவற்றுக்கு அங்கீகாரம் அளித்தது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2013இல் தனித்திட்டம் ஒன்றை வகுத்தது. ஆனால் தொழிற்பயிற்சி இங்கே வந்த அளவுக்கு, ஊர்மக்கள் வரி கொடுத்து, வாக்களித்துத் தேர்ந்தெடுத்து, கணக்குக் கேட்கும் அமைப்பு வரவில்லை. பெயர் வந்தது; அப்பெயரில் உள்ள சமுதாயத்தின் அதிகாரம் கடல் கடந்து வரவில்லை.

மேற்கண்ட வரலாற்றிலிருந்து நாம் உணர்வது இதுவே. கொடுப்பவர் கையும், நடத்துபவர் கையும், ஆலோசனை கூறுபவர் நாவும் ஒரே ஊரில், ஒருவரையொருவர் காணும் தொலைவில் இருந்தவரை அக்கல்லூரிகளின் வாசல் அகலத் திறந்திருந்தது. பொருள் தொலைவிலிருந்து வரத் தொடங்கியபோது அதிகாரம் ஊரை விட்டு அகன்றது. எச்சரித்தவர் சொல் ஏட்டில் மட்டும் பதிவாகிக் கிடந்தபோது, தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவியே செயலற்றுப் போயிற்று. ஆலோசனைக் குழு அமைப்பது எளிது. அது கூறியதைக் கேட்டோமா, கேளாவிடில் ஏன் கேட்கவில்லை என்று அடுத்த கூட்டத்தில் எழுந்து விடை சொல்வதே அரிது. அவ்விடையைச் சொல்லத் துணியும் நிர்வாகமும், அதனைப் பொறுமையுடன் கேட்கும் ஊராரும் வாய்த்த இடத்தில், வசதியற்ற பிள்ளை ஒருபோதும் வாசலிலிருந்து திரும்பிச் செல்ல நேராது.