இரைப்பை வளையமும் எடைக்குறைப்பும்: ஓர் அறுவை மருத்துவ முறையின் எழுச்சியும் தளர்ச்சியும் (1978–2018)

ஆய்வுச் சுருக்கம்

மிகை உடற்பருமனைக் குறைக்கும் அறுவை முறைகளுள் ‘கேஸ்ட்ரிக் பேண்ட்’ எனப்படும் இரைப்பை வளையம் தனித்த வரலாறு உடையது. இரைப்பையை வெட்டாமல் எடையைக் குறைக்கலாம், வேண்டுமெனில் வளையத்தை அகற்றலாம் என்ற இரு உறுதிகளுடன் அது பரவியது. ஆயினும் இருபத்தொன்றாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டுக்குள் பெரும்பாலும் கைவிடப்பட்டது. வளையத்தின் தோற்றம், அது செயற்படும் முறை, எடையிழப்பை அளந்த அளவுகோல்கள், நீண்டகாலத் தரவுகள் ஆகியவற்றை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. இறுக்கத்தை வேண்டியவாறு மாற்றிக்கொள்ளும் தன்மையே வளையத்தின் பரவலுக்கும் தளர்ச்சிக்கும் முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: உடற்பருமன், இரைப்பை வளையம், எடையிழப்பு, அறுவை மருத்துவ வரலாறு, பின்தொடர் கவனிப்பு

முன்னுரை

அமெரிக்க உடற்பருமன் அறுவை மருத்துவச் சங்கத்தின் மதிப்பீட்டின்படி, 2011ஆம் ஆண்டில் அந்நாட்டில் செய்யப்பட்ட ஏறத்தாழ 1,58,000 எடைக்குறைப்பு அறுவைகளுள் 35.4 விழுக்காடு இரைப்பை வளையம் பொருத்துவனவாக இருந்தன. 2018இல் மொத்த அறுவைகள் 2,52,000 ஆக உயர்ந்தன. வளையத்தின் பங்கோ 1.1 விழுக்காடாகச் சுருங்கியது. ஏழாண்டு இடைவெளியில் ஒரு மருத்துவ முறை இவ்வளவு தூரம் பின்தள்ளப்படுவது அரிது. அதைவிடச் சிறந்த முறை வந்தமையால் பழையது மறைந்தது என்னும் விளக்கம் எளிது. எனினும், அவ்விளக்கம் இரண்டு வினாக்களுக்கு விடை தருவதில்லை. முதலாவது, இரைப்பை மாற்றுவழி அறுவை 1966 முதலே வழக்கில் இருந்தும் வளையம் ஏன் பரவியது? இரண்டாவது, ஒரே கருவி ஓரிடத்தில் நற்பயனையும் பிறிதோரிடத்தில் பெருந்தொல்லையையும் தந்தது ஏன்? இவ்விரு வினாக்களையும் முன்வைத்து இக்கட்டுரை அமைகிறது.

வளையத்திற்கு முந்திய அறுவை முறைகள்

எடைக்குறைப்பு அறுவையின் வரலாற்றை ஆய்வாளர்கள் பொதுவாக 1954இலிருந்து தொடங்குவர். அவ்வாண்டில் அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த கிரெமனும் அவருடைய குழுவினரும் சிறுகுடலின் பெரும்பகுதியைச் செரிமானப் பாதையிலிருந்து விலக்கும் முறையைப் பதிவு செய்தனர். உணவின் சத்துகள் உடலிற் சேராமையால் எடை வெகுவாகக் குறைந்தது. ஆனால், ஓயாத வயிற்றுப்போக்கும் சிறுநீரகக் கற்களும் சத்துக் குறைபாடும் கல்லீரல் செயலிழப்பும் நோயாளிகளைத் தாக்கின. பின்வந்த ஆண்டுகளில் இம்முறை கைவிடப்பட்டது.

அயோவா பல்கலைக்கழக அறுவை மருத்துவர் எட்வர்ட் மேசன், குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி அகற்றப்பட்டோர் மெலிந்திருப்பதைக் கவனித்தார். அவரும் சிகாஷி இட்டோவும் 1966இல் இரைப்பையின் மேற்பகுதியைப் பிரித்துச் சிறுகுடலுடன் இணைக்கும் மாற்றுவழி அறுவையை மேற்கொண்டனர். இதுவே ‘கேஸ்ட்ரிக் பைபாஸ்’ முறையின் தொடக்கம். இம்முறை பயன் தந்தது. ஆனால் வயிற்றைப் பெரிதாகத் திறந்து, உறுப்புகளை வெட்டி, மீண்டும் இணைக்க வேண்டியிருந்தது. பருமனான உடலில் இவ்வறுவை அச்சத்திற்குரியதாக இருந்தது. வெட்டும் இணைப்பும் இன்றி எடையைக் குறைக்க இயலுமா என்னும் வினா இச்சூழலில்தான் எழுந்தது.

நிலைத்த வளையமும் மாற்றத்தக்க வளையமும்

1978இல் வில்கின்சன் என்பவர் இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிச் செயற்கை இழை வலையால் ஆன பட்டையைப் பொருத்தினார். பட்டைக்கு மேலே சிறு பை போன்ற அறை உருவாகும்; சிறிதளவு உணவிலேயே அது நிறைந்துவிடும். இத்தகைய நிலைத்த வளையங்களில் ஒரு குறை இருந்தது. பொருத்திய பின் அவற்றின் இறுக்கத்தை மாற்ற இயலாது. இறுக்கம் மிகுந்தால் வாந்தி, குறைந்தால் பயனின்மை. இரண்டையும் சீர்செய்ய மறு அறுவை ஒன்றே வழியாக இருந்தது.

இக்குறையை நீக்கும் முயற்சிகள் 1980களில் ஏறத்தாழ ஒரே காலத்தில் வெவ்வேறு நாடுகளில் நிகழ்ந்தன. சுவீடனில் ஹால்பெர்க்கும் ஃபோர்செல்லும், அமெரிக்காவின் நியூஜெர்சியில் லுபோமிர் குஸ்மாக்கும் உட்புறத்தில் ஊதத்தக்க பலூன் கொண்ட சிலிகான் வளையங்களை உருவாக்கினர். குஸ்மாக் 1983 முதல் நிலைத்த சிலிகான் வளையத்தைப் பயன்படுத்தி வந்தவர். 1986இல் மாற்றத்தக்க வளையத்திற்கு மாறினார். வளையத்திலிருந்து செல்லும் மெல்லிய குழாய், வயிற்றின் தோலுக்கு அடியில் பதிக்கப்பட்ட சிறு நுழைவாயில் முடியும். அதில் ஊசியைச் செலுத்தி உப்புநீரை ஏற்றினால் வளையம் இறுகும். உறிஞ்சி எடுத்தால் தளரும். இம்மாற்றத்தின் வரலாற்று முக்கியத்துவம் கவனிக்கத்தக்கது. அதுவரை அறுவைக் கூடத்தில் ஒரே நாளில் முடிந்த மருத்துவம், இனிப் பல ஆண்டுகளுக்குப் புறநோயாளர் பிரிவில் தொடர வேண்டியதாயிற்று.

எடை குறையும் முறை

வளையம் உணவின் பாதையைக் குறுக்குவதனால் எடை குறைகிறது என்பது தொடக்ககாலக் கருத்து. பிற்கால ஆய்வாளர்கள், குறிப்பாக ஆஸ்திரேலியாவின் பால் ஓ’பிரையன் குழுவினர், இக்கருத்தைத் திருத்தினர். தக்க அளவில் இறுக்கப்பட்ட வளையம் இரைப்பையின் மேற்பகுதியில் மென்மையான அழுத்தத்தைத் தருகிறது. அவ்வழுத்தம் நரம்புகளின் வழியே பசியைத் தணித்து நிறைவுணர்வைத் தூண்டுகிறது என்பது அவர்களின் விளக்கம். எனவே, வளையம் உணவைத் தடுக்கும் அணையாக இருத்தல் கூடாது. பசியை அடக்கும் துணையாக இருத்தல் வேண்டும்.

இவ்வேறுபாடு நடைமுறையில் பெரும் விளைவுடையது. இறுக்கம் மிகுந்தால் சோறு, ரொட்டி, இறைச்சி போன்ற திட உணவுகள் சிக்கிக்கொள்ளும். அந்நிலையில் நோயாளி எளிதில் இறங்கும் பனிக்கூழ், சாக்லேட், இனிப்புப் பானங்கள் ஆகியவற்றை நாடுவார். இவை வளையத்தைத் தடையின்றிக் கடக்கும்; எடையும் குறையாது. எடை குறையவில்லை என்பதனால் வளையம் மேலும் இறுக்கப்பட்டால், வாந்தியும் உணவுக்குழாய் விரிவும் தொடரும். இச்சுழலை உடைக்க வளையத்தைத் தளர்த்த வேண்டும். எப்போது இறுக்குவது, எப்போது தளர்த்துவது என்பதை அறிய நோயாளியை அடிக்கடி பார்த்து, அவர் உண்ணும் முறையைக் கேட்டறிதல் இன்றியமையாதது.

எடை குறையும் வேகமும் வேறுபட்டது. மாற்றுவழி அறுவையில் முதலாண்டிலேயே பெருமளவு எடை குறையும். வளையத்திலோ வாரத்திற்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை மெல்லக் குறைந்து, இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளில் நிலைபெறும். பொறுமையைக் கோரும் முறையாகவே வளையம் தொடக்கம் முதல் இருந்தது.

நுண்துளை அறுவையும் உலகப் பரவலும்

எத்தியோப்பியாவில் பிறந்து பெல்ஜியத்தில் பணியாற்றிய மிட்டிகு பெலாச்சூ, 1993இல் ஹுய் நகரில், லேப்ராஸ்கோப்பி எனப்படும் நுண்துளை முறையில் மாற்றத்தக்க வளையத்தைப் பொருத்தினார். பெருவெட்டு இன்றிச் சிறு துளைகள் வழியே செய்யத்தக்க அறுவையாக அது மாறியதும், ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் விரைந்து பரவியது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 2001 ஜூனில் ‘லேப்-பேண்ட்’ வளையத்திற்கும், 2007இல் ‘ரியலைஸ்’ வளையத்திற்கும் ஒப்புதல் அளித்தது. 2011இல், உடல் நிறை எண் 30 முதல் 35 வரை உடையோரும், உடற்பருமன் சார்ந்த நோய் ஒன்றேனும் இருப்பின், லேப்-பேண்ட் வளையத்தைப் பெறலாம் என ஒப்புதல் விரிவாக்கப்பட்டது.

பரவலுக்கு மருத்துவச் சான்றுகளும் துணைநின்றன. 2008இல் டிக்சன், ஓ’பிரையன் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, அண்மையில் இரண்டாம் வகை நீரிழிவுக்கு உள்ளான 60 பேரை இரு பிரிவாக்கியது. ஈராண்டு முடிவில் வளையம் பெற்ற பிரிவினரில் 73 விழுக்காட்டினரிடம் நீரிழிவு தணிந்தது. வழக்கமான மருத்துவம் பெற்றோரில் 13 விழுக்காட்டினரிடமே தணிந்தது. எடையிழப்பு முறையே 20.7, 1.7 விழுக்காடு. இவ்வெற்றி மறுக்கவியலாதது. எனினும் அது நெருக்கமான கண்காணிப்புடன் ஈராண்டுக்குள் பெறப்பட்டது என்பதையும் மனங்கொள்ள வேண்டும்.

அளவுகோல் குறித்த சிக்கல்

இத்துறையின் நூல்களை ஒப்பிட்டுப் படிப்போர் முதலில் எதிர்கொள்ளும் இடர் அளவுகோலே. அறுவை மருத்துவர்கள் நெடுங்காலம் ‘மிகை எடையிழப்பு விழுக்காடு’ என்னும் அளவைப் பயன்படுத்தினர். ஒருவருக்கு இருக்க வேண்டிய எடைக்கு மேற்பட்டதை மட்டும் கணக்கிட்டு, அதில் எவ்வளவு குறைந்தது என்று இவ்வளவு காட்டும். பிற ஆய்வாளர்கள் மொத்த எடையில் குறைந்த விழுக்காட்டையே தருவர்.

சான்றாக, 165 செ.மீ. உயரமும் 120 கிலோ எடையும் உடைய ஒருவரைக் கொள்வோம். உடல் நிறை எண் 25 என்பதை வரம்பாகக் கொண்டால் அவருக்குரிய எடை 68 கிலோ. மிகை எடை 52 கிலோ. அவர் 24 கிலோ இழந்தால் மிகை எடையிழப்பு 46 விழுக்காடு. மொத்த எடையிழப்பு 20 விழுக்காடு. இரண்டும் ஒரே உண்மையைக் கூறுவன. எனினும் படிப்போர் மனத்தில் தோன்றும் சித்திரம் வேறு. ‘மிகை எடையில் பாதி போய்விடும்’ என்று கேட்டவர், அறுவைக்குப் பின் தாம் 96 கிலோ எடையுடன் இருப்போம் என்று எண்ணியிருக்க மாட்டார். எதிர்பார்ப்புக்கும் பயனுக்கும் இடையிலான இவ்விடைவெளி, வளையம் தோற்றது என்ற கருத்து உருவானதில் பங்கு கொண்டது எனக் கருதலாம்.

நீண்டகாலத் தரவுகள்

1987இல் தொடங்கிய சுவீடன் உடற்பருமன் ஆய்வு, அறுவை பெற்ற 2010 பேரையும் பெறாத 2037 பேரையும் பின்தொடர்ந்தது. அறுவை பெற்றோருள் 376 பேர் வளையம் பெற்றவர். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் வளையப் பிரிவினரின் எடையிழப்பு 13 விழுக்காடு. மாற்றுவழிப் பிரிவினரின் எடையிழப்பு 27 விழுக்காடு. அமெரிக்காவின் பல மருத்துவமனைகள் இணைந்து நடத்திய ‘லேப்ஸ்’ ஆய்வும் ஏழாண்டு முடிவில் முறையே 14.9, 28.4 விழுக்காடு எனக் கண்டது. எடையிழப்பை மட்டும் நோக்கினால், மாற்றுவழி அறுவையின் பயனில் ஏறத்தாழப் பாதியையே வளையம் தந்தது என்பது இவற்றால் தெளிவாகிறது.

சிக்கல்களைப் பற்றிய தரவுகள் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. ஹிம்பென்ஸ் குழுவினர் 2011இல் வெளியிட்ட பிரசல்ஸ் ஆய்வு, 1994–1997 காலத்தில் வளையம் பெற்ற 151 பேரைப் பற்றியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தின்பின் அவர்களில் 82 பேர், அதாவது 54.3 விழுக்காட்டினர் மட்டுமே ஆய்வுக்குக் கிடைத்தனர். அவர்களுள் 28 விழுக்காட்டினரிடம் வளையம் இரைப்பைச் சுவரை அரித்து உட்புகுந்திருந்தது. ஏறத்தாழப் பாதிப்பேரிடம் வளையம் அகற்றப்பட்டிருந்தது. ஓ’பிரையன் குழுவினர் 2013இல் வெளியிட்ட மெல்போர்ன் ஆய்வு, 3227 பேரைப் பற்றியது. பத்தாண்டு கடந்தோருள் 78 விழுக்காட்டினரின் பின்தொடர்வு முழுமையாக இருந்தது. அரிப்பு 3.4 விழுக்காடு, அகற்றம் 5.6 விழுக்காடு, மிகை எடையிழப்பு 47 விழுக்காடு. ஆயினும் அங்கும் மேலறை விரிவுக்காக 26 விழுக்காட்டினருக்கும், குழாய், நுழைவாய்ப் பழுதுகளுக்காக 21 விழுக்காட்டினருக்கும் மறு அறுவை வேண்டியிருந்தது.

இவ்விரு நகரங்களின் வேறுபாட்டுக்கு ஒரே காரணம் கூறுதல் பொருந்தாது. பிரசல்ஸ் நோயாளிகள் அறுவை நுட்பம் முதிராத காலத்தவர். மெல்போர்னிலும் மேலறை விரிவுக்கான மறு அறுவை தொடக்கப் பத்தாண்டில் 40 விழுக்காடாக இருந்து, பின்னர் 6.4 விழுக்காடாகக் குறைந்தது. எனினும் பின்தொடர்வில் காணும் வேறுபாடு புறக்கணிக்கத்தக்கதன்று. மாற்றத்தக்க கருவியின் பயன் அதை மாற்றுவோரின் இருப்பைச் சார்ந்தது.

பின்தொடர் கவனிப்பும் பொறுப்பும்

வளையம் மருத்துவச் சந்தையில் பரவிய வேகத்திற்கு ஈடாகப் பின்தொடர் கவனிப்பு எங்கும் வளரவில்லை. அறுவை ஒருமுறை, கவனிப்பு வாழ்நாள் முழுவதும். இப்பொருத்தமின்மையின் செலவை அமெரிக்க முதியோர் காப்பீட்டுத் தரவுகளைக் கொண்டு 2017இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. 2006–2013 காலத்தில் வளையம் பெற்ற 25,042 பேருள் 18.5 விழுக்காட்டினர் மறு அறுவைக்கு உள்ளாயினர். வளையத்திற்காகச் செலவிடப்பட்ட 47 கோடி டாலரில் 47 விழுக்காடு மறு அறுவைகளுக்கே சென்றது.

இங்கு அறம் சார்ந்த வினாவொன்று எழுகிறது. எடை குறையாதபோது, ‘நோயாளி அறிவுரையைப் பின்பற்றவில்லை’ என்னும் விளக்கம் மருத்துவ நூல்களில் இயல்பாக இடம்பெற்றது. மேலே விளக்கிய இறுக்கச் சுழலை நோக்கினால், இனிப்புப் பானத்தை நாடுதல் பல வேளைகளில் மனவுறுதிக் குறைவன்று. தவறாக இறுக்கப்பட்ட வளையத்தின் விளைவு. கருவியின் குறையும் கவனிப்பின் குறையும் நோயாளியின் குணக்குறையாகப் பதிவாயின. உடற்பருமனைத் தனிமனிதத் தவறாகக் காணும் பழைய நோக்கு, அதனை நோயாக ஏற்ற துறைக்குள்ளும் தொடர்ந்தமைக்கு இது சான்றாகும்.

முடிவுரை

இரைப்பையில் பெரும்பகுதியை அகற்றும் ‘ஸ்லீவ்’ அறுவை வளையத்தின் இடத்தைப் பிடித்தது. 2018இல் அமெரிக்க அறுவைகளில் அதன் பங்கு 61.4 விழுக்காடு. அகற்றப்பட்ட இரைப்பை மீளாது. ஆனால் ஊசியால் இறுக்கும் தேவையும் இல்லை. மீளத்தக்க முறையை விட்டு மீளாத முறையை நோயாளிகளும் மருத்துவர்களும் தேர்ந்தமை, தொடர்கவனிப்பின் சுமையை வரலாறு எவ்வாறு மதிப்பிட்டது என்பதைக் காட்டுகிறது.

வளையத்தால் எடை குறைந்தவர் பலர். நீரிழிவு தணிந்தவரும் உளர். ஆகவே இதனை முற்றிலும் தோல்வி வரலாறாகக் கொள்வது பிழை. கருவியை உருவாக்கியோர் அதனுடன் ஒரு நெடுங்கால உறவையும் வடிவமைத்தனர். அவ்வுறவைப் பேணும் அமைப்பு பெரும்பாலான இடங்களில் உருவாகவில்லை. பசியைத் தணிக்கும் ஊசி மருந்துகள் பரவிவரும் இக்காலத்திலும் நீண்டகாலக் கவனிப்பு யார் பொறுப்பு என்னும் வினா எஞ்சி நிற்கிறது. வளையத்தின் வரலாறு அவ்வினாவை முன்கூட்டியே எழுப்பியது.