பண்டிகைப் பாட்டும் பரிகாசப் பாட்டும்

பண்டிகை என்றால் பாட்டு உண்டு. பாட்டு உண்டானால் அதனைக் கேலியாக மாற்றிப் பாடும் குறும்பும் உடன் உண்டு. இஃது எந்நாட்டிலும் காணும் இயல்பே. ஆயினும், இக்குறும்பு ஒரு பெருந்தொழிலாகவே வளர்ந்த வரலாறு அமெரிக்க நாட்டிற்கு உரியது. அங்குக் கிறிஸ்துமஸ் பண்டிகையை ஒட்டி எழுந்த வேடிக்கைப் பாடல்கள் இசைத்தட்டிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் புகுந்து, ஆண்டுதோறும் மக்களைச் சிரிக்க வைத்தன. அவ்வரலாற்றைச் சங்கத்து அன்பர்கள் முன் சுருக்கமாக வைக்க விழைகின்றோம். சிரிப்புத்தானே என்று தள்ளிவிடாமல் நோக்கினால், அதனுள் நமக்கும் ஒரு செய்தி இருப்பது புலப்படும்.

முதற்கண் மூலப் பாடல்களைப் பற்றிச் சிறிது கூறுவோம். தொன்றுதொட்டு வந்த பக்திப் பாடல்கள் என்று நாம் எண்ணுபவை பல, உண்மையில் அவ்வாறு தோன்றியவை அல்ல. ‘ஜிங்கிள் பெல்ஸ்’ என்னும் பாடலை 1857-இல் ஜேம்ஸ் பியர்பாண்ட் என்பவர் வெளியிட்டார். குதிரை பூட்டிய பனிச்சறுக்கு வண்டியில் இளைஞர்கள் உல்லாசமாகச் செல்வதே அதன் பொருள். இயேசுநாதரின் பிறப்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ‘டெக் தி ஹால்ஸ்’ பாடலின் மெட்டு, வேல்ஸ் நாட்டவர் புத்தாண்டுக்கு முந்திய இரவில் பாடிய பாட்டினுடையது. அதற்கு 1862-இல் ஆங்கிலச் சொற்களை அமைத்தவர் தாமஸ் ஆலிபண்ட். ‘கிறிஸ்துமஸின் பன்னிரண்டு நாட்கள்’ என்பதோ 1780-ஐ ஒட்டி இலண்டனில் ஒரு சிறுவர் நூலில் அச்சேறியது. நாளுக்கு ஒரு பரிசாகக் கூட்டிக்கொண்டே பாட வேண்டும். மறந்தவர் தண்டம் இறுக்க வேண்டும். ஆகவே, பழைய சொல்லை நீக்கிப் புதுச் சொல்லை வைப்பதும் விளையாட்டும் இப்பாடல்களுக்குப் புதியன அல்ல.

இனி வேடிக்கைப் பாடகர்களைக் காண்போம். இவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் ஸ்பைக் ஜோன்ஸ். 1911-இல் கலிபோர்னியாவில் லாங் பீச் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஸதர்ன் பசிபிக் ரயில்வேயில் ஏஜெண்டு. பிள்ளை மிக மெலிந்திருந்தமையால், தண்டவாளத்தை ஸ்லீப்பர் கட்டையில் இறுக்கும் ஆணியின் பெயரான ‘ஸ்பைக்’ என்பதையே அவருக்குப் பட்டப் பெயராக இட்டனர். ரயில்வே உணவு விடுதிச் சமையற்காரர் ஒருவர், சட்டி பானைகளையும் கரண்டிகளையும் கொண்டு தாளம் எழுப்பக் கற்றுக் கொடுத்தார் என்பர். இருப்புப்பாதைக் குடும்பத்தில் தோன்றிய இப்பிள்ளை, பின்னர் மாட்டு மணி, மோட்டார் ஹாரன், துப்பாக்கி வெடி ஆகியவற்றையெல்லாம் வாத்தியங்களாக்கி ஒரு கோஷ்டியே நடத்தினார். கேட்போர்க்கு அது வெறும் இரைச்சலாகத் தோன்றும். ஆனால் அக்கோஷ்டியினர் அனைவரும் தேர்ந்த வித்துவான்கள். துப்பாக்கி வெடிப்பதும் தாளம் தப்பாமல் வெடிக்கும்.

1944-இல் நியூயார்க் மாநிலத்து ஸ்மித்டவுன் ஊரில் இசையாசிரியராக இருந்த டொனால்டு கார்ட்னர், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளிடம் கிறிஸ்துமஸுக்கு என்ன வேண்டும் என்று வினவினார். பால் பற்கள் விழும் பருவமாதலின், மறுமொழி கூறிய குழந்தைகளில் அநேகமாக எல்லோருக்கும் முன்பல் இல்லை, சொற்கள் குழறின. அதையே பொருளாக வைத்து, ‘எனக்கு வேண்டுவது என் இரண்டு முன்பற்களே’ என்னும் கருத்தில் ஒரு பாட்டு எழுதினார். ஸ்பைக் ஜோன்ஸ் கோஷ்டி அதை 1947 டிசம்பரில் பதிவு செய்தது. கோஷ்டியின் டிரம்பெட் கலைஞர் ஜார்ஜ் ராக், பொக்கைவாய்ப் பிள்ளையின் குரலில் பாடினார். 1948-இன் இறுதியில் அந்த இசைத்தட்டு நாடெங்கும் விற்பனையில் முதலிடம் பெற்றது.

ஒலிநாடா வந்தபின் வேடிக்கைக்குப் புது வழி பிறந்தது. பறவைகளின் ஒலியைப் பதிவு செய்துவந்த டென்மார்க் நாட்டுக் கார்ல் வைஸ்மன், நாய்களின் குரைப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, ‘ஜிங்கிள் பெல்ஸ்’ மெட்டில் நாய்கள் பாடுவது போல அமைத்தார். 1955-இல் அது வெளிவந்தது. 1958-இல் ராஸ் பாக்தசாரியன் என்பவர் நாடாவைக் குறைந்த வேகத்தில் ஓட்டிப் பாடிப் பதிந்து, பின் முழு வேகத்தில் ஓட்டினார். குரல் கீச்சென்று உயர்ந்து மூன்று அணிற்பிள்ளைகள் பாடுவது போல ஒலித்தது. அவ்வணில்களுக்குத் தம் இசைத்தட்டுக் கம்பெனி அதிகாரிகள் மூவரின் பெயர்களையே சூட்டினார்! 1959-இல் முதன்முறையாக வழங்கப்பெற்ற கிராமி விருதுகளில் மூன்று இப்பாட்டுக்குக் கிடைத்தன.

இவையெல்லாம் கவலையற்ற சிரிப்பு. 1958-இலேயே வெளிவந்த மற்றோர் இசைத்தட்டு, சிரித்தவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஸ்டான் ஃப்ரீபெர்க் என்னும் நகைச்சுவையாளர் இயற்றிய ‘பச்சைக் கிறிஸ்துமஸ்’ என்பதே அது. அமெரிக்க டாலர் நோட்டின் நிறம் பச்சை என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்க. டிக்கன்ஸ் 1843-இல் படைத்த கஞ்சன் ஸ்குரூஜ், இதில் விளம்பரக் கம்பெனித் தலைவனாக வருகிறான். பண்டிகையைக் கொண்டு எவ்வாறு சரக்கு விற்பது என்று வாடிக்கையாளர்களுடன் ஆலோசிக்கிறான். மசாலைப் பொருள் விற்கும் சிறு வியாபாரி ஒருவன் மட்டும், இது யாருடைய பிறந்தநாள் என்பதை மறந்தீர்களே என்று இடித்துரைக்கிறான். அவன் சொல் எடுபடவில்லை. முடிவில் பண்டிகைப் பாட்டோடு கல்லாப்பெட்டியின் மணியோசை கலந்து ஒலிக்கிறது. விளம்பரத் துறையினர் வெகுண்டனர். வானொலி நிலையங்கள் சில ஒலிபரப்பத் தயங்கின. ஃப்ரீபெர்க்கோ தாமும் விளம்பரத் தொழில் புரிந்தவர். உள்ளிருந்து உரைத்த கேலியாதலின் அதன் கூர்மை மிகுந்தது. பண்டிகையைப் பரிகசித்தார் என்று அவரைப் பழித்தவர் உண்டு. ஊன்றி நோக்கின், அப்பண்டிகையின் மெய்ப்பொருளுக்காக வழக்காடியவர் அவரே.

பின்னர்த் தொலைக்காட்சிக் காலத்திலும் இம்மரபு ஓய்ந்திலது. 1981-இல் கனடா நாட்டுத் தொலைக்காட்சி விகடர் இருவர், பாப், டக் மெக்கென்சி என்னும் வேடத்தில், பன்னிரண்டு நாள் பாட்டைப் பீர் குடிப்போர் பாட்டாக மாற்றினர். 1989 டிசம்பர் 17-இல் ‘சிம்ப்ஸன்ஸ்’ தொடரின் முதல் நிகழ்ச்சியிலேயே, சிறுவன் பார்ட் பள்ளி மேடையில் ‘ஜிங்கிள் பெல்ஸ்’ஸைக் கெடுத்துப் பாடினான்.

இங்கே ஓர் உண்மை தெளிவாகின்றது. மூலத்தை அறியாதவனுக்குக் கேலி விளங்காது. ஊரறிந்த பாட்டுக்கே பரிகாசப் பாட்டுப் பிறக்கும்.

நம் தமிழ்நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. திருவிழாக் காலங்களில் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் கதாகாலட்சேபமாக ஊர்தோறும் ஒலித்தது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அந்த நடையிலேயே ‘கிந்தனார்’ காலட்சேபத்தை நிகழ்த்தினார். 1949-இல் ‘நல்லதம்பி’ படத்திலும் அது இடம்பெற்றது. நந்தனார் தில்லையைக் காண ஏங்கினார். கிந்தனார் கல்வியைக் காண ஏங்கினார். சபையினர் நந்தனாரை நன்கு அறிந்திருந்தமையாலேயே, கிந்தனாரைக் கேட்டுச் சிரித்தனர், சிரித்தபின் சிந்தித்தனர்.

நம் காலனிப் பிள்ளைகள் ‘ஜிங்கிள் பெல்ஸ்’ஸையும் அறிவர், அதன் கேலியையும் அறிவர். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நந்தனாரைக் கேளாத பிள்ளைக்குக் கிந்தனாரால் என்ன சிரிப்பு வரும்? இழப்பு இரண்டு மடங்கு: பாட்டும் போயிற்று, சிரிப்பும் போயிற்று. கிறிஸ்துமஸ் வரும் அதே நாட்களில்தான் நம் மார்கழியும் நிகழ்கின்றது. அந்த விடியலில் இல்லந்தோறும் பாவைப் பாடல்களைத் தாய்மாரும் பாட்டிமாரும் பிள்ளைகள் செவியில் விழும்படி பாடிவருவாராக. அவற்றை என்றேனும் ஒருநாள் நம் பிள்ளைகள் குறும்பாக மாற்றிப் பாடினால், பெரியோர் சினவாதிருப்பாராக. மூலம் மனத்தில் பதிந்துவிட்டது என்பதற்கு அதனினும் நல்ல சான்று வேறில்லை.