ஜீப்புக்கு எந்தக் காலத்து பேட்டரி?

"மாப்ள, நீ இன்ஜினியர்தானே, ஜீப்புக்கு ஒரு நல்ல பேட்டரியா பாத்துச் சொல்லு" என்று மாமா கேட்டது 2018 டிசம்பரில். கஜா புயல் நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறி ஒரு மாதம் ஆகியிருந்தது. நான் சாஃப்ட்வேர் எழுதுகிறவன் என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. இன்ஜினியர் என்றால் எல்லாம்தான்.

அவர் ஊர் ஒரத்தநாடு பக்கம், கல்லணைக் கால்வாய்ப் பாசனம். ஜீப், அரசு ஏலத்தில் எடுத்த பழைய மகிந்திரா எம்.எம். 540. புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. தென்னையெல்லாம் சாலையில் கிடந்தது. ஜீப் பேட்டரியில் இரண்டு வயரைக் கோத்து, தெருவே செல்போனுக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டது. ராத்திரியில் ஹெட்லைட் போட்டு மரம் அறுத்தார்கள். பேட்டரி இறங்கியதும் டிராக்டரிலிருந்து ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்து, மறுபடி இறக்கி, மறுபடி ஏற்றி, நாலைந்து தடவை. டிசம்பரில் அது முழுசாகப் போய்விட்டது. இரண்டு வருஷம்கூட ஆகாத, தண்ணீரே ஊற்ற வேண்டாத 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' பேட்டரி. "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்பது மாமாவின் தீர்ப்பு. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

பதில் தேடப் போய் நான் மாட்டிக்கொண்டது சரித்திரத்தில்.

டெல்டாவில் ஜீப் யாரும் ஆசைக்கு வாங்கி வந்த வண்டி இல்லை. மகிந்திரா 1947-இல் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டத் தொடங்கியது. 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் வந்தது, பி.டி.ஓ. ஜீப் கிராமத்துக்குள் நுழைந்தது. 1960-இல் ஃபோர்டு அறக்கட்டளை உதவியோடு தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தை ஆரம்பித்தபோது, முதலில் எடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. 'பேக்கேஜ் திட்டம்' என்றால் வயசானவர்களுக்கு இன்றும் தெரியும். உரமும் விதையும் கடனும் ஒரே கட்டாக வந்தன. பின்னாலேயே ஆடுதுறை 27 வந்தது. வாய்க்கால் கரையில் அதிகாரி வந்து இறங்கியது ஜீப்பில்தான். ஊருக்குள் ஜீப் சத்தம் கேட்டால் ஒரு வீட்டில் கடன் வருகிறது என்று அர்த்தம், இன்னொரு தெருவில் போலீஸ் வருகிறது என்று அர்த்தம். அது தனியாக எழுத வேண்டிய கதை.

அந்தக் கால ஜீப்புக்கு பேட்டரி ஒரு சௌகரியம், அவ்வளவுதான். உலகப்போர் கால வில்லிஸில் இருந்தது 6 வோல்ட் பேட்டரி. பெட்ரோல் என்ஜின், கம்ப்ரஷன் சுமார் 6.5:1. செல்ஃப் எடுக்கவில்லை என்றால் முன்னால் ஹேண்டிலைச் செருகி ஓர் ஆள் சுற்றினால் போதும். நிலைமையை மாற்றியது டீசல். மாமாவின் எம்.எம். 540-இல் இருப்பது பெஜோ வடிவமைத்த டீசல் என்ஜின். அந்த வகை என்ஜின்களில் கம்ப்ரஷன் 20:1-க்கும் மேல். அதைக் கையால் சுற்ற பீமன்தான் வர வேண்டும். போதாக்குறைக்கு, ஸ்டார்ட் ஆகுமுன் ஹீட்டர் ப்ளக் சூடாக வேண்டும். அதற்கும் இதே பேட்டரிதான். பெட்ரோல் மாருதிக்கு 35 ஏ.எச். தாராளம். இதற்கு டிராக்டர் அளவில், 75 ஏ.எச். பக்கம், வேண்டும். கடையில் "இதுவும் 12 வோல்ட்தானே சார்" என்று சின்னதைத் தள்ளப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள்.

ஆனால் மாமாவின் பேட்டரி செத்தது அளவு பத்தாமல் இல்லை. அதன் ஈயத்தில் என்ன கலந்திருந்தது என்பதில்தான் விஷயம்.

1859-இல் பிரான்ஸில் காஸ்டன் பிளாந்தே இரண்டு ஈயத் தகடுகளை அமிலத்தில் முக்கி, மறுபடி மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடிய முதல் பேட்டரியைச் செய்தார். வெறும் ஈயம் மெழுகு மாதிரி, சொன்னபடி நிற்காது. 1881-இல் செல்லன் என்கிற ஆங்கிலேயர் அதில் ஆண்டிமனி கலந்து தகட்டின் சட்டத்தைக் கெட்டியாக்கினார். அதற்கு ஒரு விலை உண்டு. ஆண்டிமனி மெல்லக் கரைந்து நெகட்டிவ் தகட்டில் போய்ப் படியும். தண்ணீர் வாயுவாகப் பிரிந்து போகும். சும்மா வைத்தாலும் சார்ஜ் இறங்கும். மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் சடங்கு முழுக்க இந்த ஆண்டிமனியால் வந்தது. (கடலோர டெல்டாவில் போர்த் தண்ணீரை ஊற்றி பேட்டரியைக் கொன்றவர்கள் எத்தனை பேர்!)

1935-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹேரிங், தாமஸ் என்ற இருவர் ஆண்டிமனிக்குப் பதில் கால்சியம் கலந்தார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காக. அங்கே பேட்டரி எப்போதும் முழு சார்ஜில் இருக்கும். கரண்ட் போனால் மட்டும் வேலை. தண்ணீர் குறையாது, சும்மா இருந்தால் இறங்காது. 1970-களில் இந்தக் கலவை காருக்கு வந்து 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' ஆனது. காரிலும் பேட்டரி பெரும்பாலும் நிரம்பியே இருக்கும் என்பதால் ஒத்துப்போனது. ஆனால் அடிமட்டம் வரை காலி செய்து மறுபடி ஏற்றுவது கால்சியத்துக்கு ஆகாது. பாசிட்டிவ் சட்டத்துக்கும் அதன் மேல் பூசிய பசைக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு படலம் உருவாகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் உள்ளே போகாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காகப் பிறந்த கலவை, தெருவே டெலிபோனுக்கு சார்ஜ் போட்டதில் செத்தது. மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

கம்பெனிக்காரன் ஏமாற்றவில்லை, ஆக.

அடுத்து நான் பயந்தது ரெகுலேட்டரை. பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் 13.8-லிருந்து 14.2-க்குள் கட்டப்பட்டிருக்கும். கால்சிய பேட்டரிக்கு 14.4-க்கு மேல் வேண்டும், பழைய வண்டியில் அது நிரம்பவே நிரம்பாது என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தேன்: 14.0. சரி, தீர்ந்தது கதை என்று நினைத்தேன். ஆனால் 14.4 என்பது 25 டிகிரிக்கான கணக்கு. சூடு ஏற ஏற, டிகிரிக்குச் சுமார் 0.024 வோல்ட் குறைக்க வேண்டும். மே மாதம் தஞ்சாவூரில் பானெட்டுக்கு அடியில் 40 டிகிரி என்று வைத்தாலே 14.04 வந்துவிடுகிறது. குளிர் தேசத்துக்காரன் எழுதியதை அப்படியே நம்பி ரெகுலேட்டரை மாற்றியிருந்தால் பேட்டரியை அவித்திருப்பேன். ஏ.ஜி.எம். வேண்டாம் என்று முடிவு செய்ததும் இதனால்தான்: விலையும் அதிகம், சூட்டையும் தாங்காது.

ஒரத்தநாட்டு ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவர், எழுபது வயசிருக்கும், நான் படித்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "தம்பி, வண்டி எத்தன நாளு சும்மா நிக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

அதுதான் சரியான கேள்வி. குறுவை, சம்பா நடவு நேரத்தில் தினமும் ஓடும். மற்றபடி மாசக்கணக்கில் கொட்டகையில் கிடக்கும். பழைய ஆண்டிமனி என்றால் நிற்கும்போதே இறங்கிவிடும். இறங்கிக் கிடந்தால் தகட்டில் சல்ஃபேட் உறையும். முழுக் கால்சியம் என்றால் நிற்பதைத் தாங்கும், அடுத்த புயலைத் தாங்காது. நடுவில் ஒன்று இருக்கிறது: பாசிட்டிவ் சட்டத்தில் கொஞ்சம் ஆண்டிமனி, நெகட்டிவில் கால்சியம். ஹைப்ரிட் என்பார்கள். மூடி உண்டு, எப்போதாவது தண்ணீர் பார்க்க வேண்டும். அதையே டிராக்டர் அளவில் எடுத்தோம். கூடவே நெகட்டிவ் ஒயரில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச். பேட்டரியைப் பிடிக்கும் கிளாம்பு துரு ஏறி ஆடிக்கொண்டிருந்தது. வரப்பிலும் கரையிலும் குலுங்கினால் தகட்டுப் பசை உதிரும் என்று அந்தப் பெரியவர் புதுசாக அடித்துக் கொடுத்தார்.

செத்த பேட்டரியை மாமா தெருவில் வந்த பழைய இரும்புக்காரரிடம் போடப் பார்த்தார். கூட இருநூறு ரூபாய் வருமாம். திறந்த வெளியில் உருக்கினால் அந்த ஈயம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் ரத்தத்தில்தான் போய்ச் சேரும். விற்கிறவர் பழையதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று 2001-லிருந்தே அப்போது விதி இருந்தது; அதைச் சொல்லிச் சண்டை போட்டுக் கடையிலேயே கொடுத்தோம். அந்த இருநூறு ரூபாயை மாமா இன்னும் மறக்கவில்லை.

போன முறை போனபோது கட்-ஆஃப் சுவிட்சுக்குப் பக்கத்தில் புதுசாக இரண்டு வயர் தொங்கியது. "கரண்ட் போச்சுன்னா வேணும்ல" என்றார். மீட்டரை எடுத்து, 12.2-க்குக் கீழே போனால் வயரைக் கழற்றிவிடுங்கள் என்று எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன்.