ரேடியத்திலிருந்து புற ஊதாவுக்கு: மீன் விந்தணுவின் மரபுச் செயலிழப்பு

1911இல் பெர்லினில் ஆஸ்கர் ஹெர்ட்விக் தவளை விந்தணுக்களை ரேடியக் கதிருக்கு உட்படுத்தினார். கதிரளவு கூடக்கூடக் கருக்கள் மிகுதியாக மடிந்தன. ஆனால் அளவை மேலும் உயர்த்தியபோது, கருக்கள் முன்னைவிட நீண்ட காலம் உயிர்வாழ்ந்தன. பாதி சிதைந்த தந்தைவழிக் குரோமோசோம்கள் கருவைக் கொல்கின்றன. முற்றிலும் சிதைந்தவை கருவில் பங்கேற்பதே இல்லை. அத்தகைய விந்தணு முட்டையைத் தூண்டிவிடுவதோடு சரி. கரு தாயின் குரோமோசோம் தொகுதி ஒன்றைக் கொண்டே வளரத் தொடங்குகிறது. இன்று ‘ஹெர்ட்விக் விளைவு’ எனப்படும் இக்கண்டுபிடிப்பே பின்வந்த மீன் ஆய்வுகளுக்கெல்லாம் அடிப்படை.

ஒற்றைத் தொகுதி மட்டுமுள்ள மீன் குஞ்சுகள் குறைபாடுகளுடன் தோன்றி விரைவில் இறந்துவிடும். தாயின் தொகுதியை இரட்டிப்பாக்க வழி தேவைப்பட்டது. 1969இல் இங்கிலாந்தின் பர்டம், பிளேஸ் என்னும் தட்டைமீனில் அதைக் காட்டினார். கருவுற்ற சிறிது நேரத்தில் முட்டைகளைக் கடுங்குளிர் நீரில் வைத்தால், தாயின் குரோமோசோம் தொகுதி ஒன்றைச் சுமந்து வெளியேற வேண்டிய இரண்டாம் துருவ உடல் உள்ளேயே தங்கிவிடுகிறது; தொகுதி இரட்டிப்பாகிறது.

ஆயினும் ரேடியமும் எக்ஸ் கதிரும் காமா கதிரும் குரோமோசோம்களை உடைப்பவை. உடைந்த துண்டுகள் சில கருவுக்குள் சென்று தங்கின. ‘தாய்வழி மட்டும்’ என்ற கூற்றை அவை ஐயத்துக்குள்ளாக்கின. 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரோ டி.என்.ஏ.வில் அடுத்தடுத்துள்ள தைமின்களைப் பிணைத்து, நகலெடுப்பை முடக்குகிறது. துண்டுகள் எஞ்சுவதும் குறைவு. கிருமிநீக்க விளக்கு ஒன்றே போதும். கதிரியக்கப் பொருளும் கனத்த காப்புச் சுவரும் வேண்டியதில்லை. சிறு பொரிப்பகத்துக்கும் இந்நுட்பம் எட்டியதற்கு இதுவே முதன்மைக் காரணம் எனக் கருதுகிறேன்.

ஊடுருவும் ஆற்றல் குறைவு என்பதே புற ஊதாவின் சிக்கல். கெட்டியான விந்துநீரில் மேலடுக்கு கீழடுக்கை மறைத்துவிடும். எனவே விந்தணுவின் இயக்கத்தைத் தூண்டாத உப்புக் கரைசலில் நீர்த்து, மெல்லிய படலமாகப் பரப்பி, அசைத்துக்கொண்டே கதிரூட்டுகிறார்கள். இன்னொரு சிக்கலை 1980இல் ஜப்பானில் இஜிரியும் எகாமியும் மெடாகா மீனில் வெளிப்படுத்தினர்: கருவுற்ற முட்டை மீது கண்ணுக்குப் புலனாகும் ஒளி பட்டால், முட்டையிலுள்ள நொதி அந்தத் தைமின் பிணைப்புகளைப் பிரித்துச் சேதத்தைச் சரிசெய்கிறது. அழித்த மரபு மீண்டும் உயிர்பெற்றுவிடும். கதிரூட்டிய விந்துநீரை மங்கிய ஒளியிலோ இருட்டிலோ கையாளும் நடைமுறைக்குரிய காரணம் இங்கேதான் உள்ளது.

1981இல் ஆரிகன் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் புற ஊதாவால் செயலிழந்த விந்தணுவைக் கொண்டு ஜீப்ரா மீனில் ஒரேமாதிரி மரபுடைய குளோன்களை உருவாக்கினார். வெளிர்நிறத் தாய்க்குக் கரிய வரிகளுடைய தந்தையின் கதிரூட்டிய விந்து. குஞ்சுகள் வெளிர்நிறமாகவே இருந்தால் தந்தை மரபு சேரவில்லை என்பது கண்ணாலேயே தெரிந்துவிடும். நுணுக்கமும் எளிமையும் இத்தனை அழகாகக் கூடிய சோதனை இத்துறையில் அரிது. அடுத்த ஆண்டே பிரான்சின் ஷூரூ சால்மன் குடும்ப மீன்களில் புற ஊதா முறையை விவரித்தார். முழுப்பெண் டிரவுட் வளர்ப்புக்கு அது துணைநின்றது. 1984இல் இந்திய ஆய்வாளர்கள் ரோகு, கட்லாவில் தாய்வழிக் குஞ்சுகளைப் பெற்றதை வெளியிட்டனர்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் டி. ஜே. பாண்டியன் குழுவினர் கதிரை மறுபக்கம் திருப்பினர். விந்தணுவுக்குப் பதில் முட்டையின் மரபைப் புற ஊதாவால் அழித்து, உறைநிலையில் வைத்திருந்த இறந்த ரோஸி பார்ப் மீனின் விந்தணுவை டைகர் பார்ப் முட்டைக்குள் செலுத்தி, ரோஸி பார்ப் மீனை மீட்டனர். அழிவின் விளிம்பிலுள்ள இனங்களுக்கு இதில் பெரும் நம்பிக்கை உண்டு. எனினும் மைட்டோகாண்ட்ரியா முட்டை தந்த இனத்திலிருந்தே வருகிறது. ஆகவே இப்படி மீண்ட மீனின் உட்கருவும் முட்டைக்குழம்பும் இருவேறு இனங்களுக்கு உரியவை.