எஸ்.டி.எஸ்.எஃப்

எஸ்.டி.எஸ்.எஃப் என்பது ஐபிஎம் மெயின்பிரேம் கணினிகளின் இசட்/ஓஎஸ் இயக்குதளத்தில் வேலை வரிசைகளையும் கணினியின் நடப்புச் செயல்பாட்டையும் பட்டியலாகக் காட்டும் மென்பொருள். காட்டுவதோடு நில்லாமல், அதே திரையிலிருந்து வேலைகளை நிறுத்தவும் முன்னகர்த்தவும் நீக்கவும் இடமளிக்கிறது. பெரும்பாலும் கணினி அறைக்குள் இயக்குநருக்கே தெரிந்திருந்த வரிசையை, வேலையை அனுப்பியவரின் கண்முன் கொண்டுவந்ததே இதன் வரலாற்றுச் சிறப்பு.

பின்னணி

1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 கணினிகளுக்கு வேலைகள் துளையட்டைக் கட்டுகளாக வந்தன. முடிவுகள் அச்சுத்தாளாக வெளியேறின. 2540 அட்டை வாசிப்பான் நிமிடத்துக்கு 1,000 அட்டைகளைப் படித்தது. 1403 அச்சுப்பொறியின் வேகமான மாதிரி நிமிடத்துக்கு 1,100 வரிகளை அச்சிட்டது. இவை அக்காலத்தில் பெரும் வேகம்தான்; ஆனால் செயலியோடு ஒப்பிட மிகக் குறைவு. எனவே உள்ளீட்டையும் வெளியீட்டையும் வட்டில் சேர்த்துவைத்து, வாசிப்பும் அச்சும் கணக்கீட்டுக்கு இணையாகத் தனியே நடக்கச் செய்தனர். இந்த முறை ஸ்பூலிங் எனப்பட்டது.

சிஸ்டம்/360-க்கு இதைச் செம்மையாகச் செய்தது ஹாஸ்ப் என்ற மென்பொருள். ஹூஸ்டனில் நாசாவின் விண்வெளிப் பணிகளுக்காக இயங்கிய ஐபிஎம் குழுவில் டாம் சிம்ப்சன், பாப் கிராப்ட்ரீ முதலியோர் 1960களின் நடுப்பகுதியில் இதை எழுதினர். 1970களில் இசட்/ஓஎஸ்ஸின் முன்னோடியான எம்விஎஸ் இயக்குதளம் வந்தபோது ஹாஸ்ப் அதன் உறுப்பாகி ஜெஸ்2 ஆனது. ஜெஸ்2 வெளியிடும் செய்திகள் இன்றும் டாலர் குறியோடு ஹாஸ்ப் என்றே தொடங்குகின்றன. ஏஎஸ்பி என்ற மற்றொரு மென்பொருளின் வழியில் ஜெஸ்3 உருவானது.

தோற்றம்

ஸ்பூலில் காத்திருக்கும் வேலைகளின் நிலையை அறிய, இயக்குநர் கட்டுப்பாட்டு முனையத்தில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து, ஓடிவரும் செய்திகளைப் படிக்க வேண்டியிருந்தது. நிரலாளருக்கு டிஎஸ்ஓ என்ற பயனர் முனையத்தில் சில எளிய கட்டளைகளே கிடைத்தன. பலர் அச்சுத்தாள் வரும்வரை காத்திருந்தனர். இந்த இடைவெளியை நிரப்ப எம்விஎஸ் காலத்தில் ஐபிஎம் வெளியிட்டதே எஸ்.டி.எஸ்.எஃப். தொடக்கத்தில் பெயரின் முதல் எழுத்து ஸ்பூலைக் குறித்தது. பார்வை கணினி முழுமைக்கும் விரிந்தபின் அது சிஸ்டம் என மாற்றப்பட்டது.

செயல்படும் முறை

ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு திரை உண்டு. ‘ஐ’ உள்ளீட்டு வரிசையையும், ‘ஓ’ வெளியீட்டு வரிசையையும், ‘ஹெச்’ நிறுத்திவைக்கப்பட்ட வெளியீட்டையும், ‘எஸ்டி’ எல்லா வேலைகளின் நிலையையும் காட்டும். ‘டிஏ’ திரையில் அப்போது இயங்கிக்கொண்டிருப்பவையும் அவை எடுத்துக்கொள்ளும் செயலி நேரம் போன்ற விவரங்களும் தெரியும். ‘லாக்’ திரை கணினியின் நாட்குறிப்பைத் தரும்.

வேலையின் பெயருக்கு இடப்பக்கம் ‘எஸ்’ எழுதினால் அதன் வெளியீட்டைப் படிக்கலாம். ‘சி’ எழுதினால் வேலை ரத்தாகும். முன்னுரிமை எண்ணின் மேல் வேறு எண்ணைத் தட்டினால் வரிசையில் அதன் இடம் மாறும். பின்னணியில் எஸ்.டி.எஸ்.எஃப் இச்செயல்களை இயக்குதளத்தின் கட்டளைகளாக மாற்றி அனுப்புகிறது. கட்டளை இலக்கணத்தை மனப்பாடம் செய்யாதவரும் வேலையை ஆள முடிந்தது இதனால்தான்.

முடிந்த வேலையின் தலைவிதியும் ஒரே பத்தியில் தெரிந்துவிடும். அங்கே ‘எஸ்0சி7’ என்றிருந்தால், எண் இருக்க வேண்டிய புலத்தில் வேறேதோ புகுந்திருக்கிறது என்று கோபால் மொழி நிரலாளர் உடனே புரிந்துகொள்வார். ‘எஸ்222’ என்றிருந்தால் வேலை தானாக விழவில்லை, ரத்து செய்யப்பட்டிருக்கிறது.

விரிவாக்கம்

1990களில் பல மெயின்பிரேம்களை ஒன்றாக இணைக்கும் சிஸ்பிளெக்ஸ் அமைப்பு பரவியது. 32 கணினிகள் வரை அதில் சேரலாம். எந்தக் கணினியில் வேலை ஓடுகிறது என்று தேடாமல், எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் பார்க்கும் வசதியை எஸ்.டி.எஸ்.எஃப் பெற்றது. யூனிக்ஸ் செயல்முறைகள், அச்சுப்பொறிகள், பணிச்சுமை மேலாண்மை வளங்கள் ஆகியவற்றுக்கும் திரைகள் சேர்ந்தன.

2007இல் வந்த இசட்/ஓஎஸ் 1.9 பதிப்பு, ரெக்ஸ் மொழி நிரல்களிலிருந்தே எஸ்.டி.எஸ்.எஃப்பை அழைக்க வழிசெய்தது. இரவு முழுவதும் விழித்திருந்து வரிசையைப் பார்த்த பணியின் ஒரு பகுதியை நிரலே ஏற்றுக்கொள்ளும் காலம் அதோடு தொடங்கியது. 1.10 பதிப்பில் ஜெஸ்3 சூழலுக்கும் ஆதரவு கிடைத்தது.

பாதுகாப்பு

பிறருடைய வேலையைப் பார்க்கவும் நீக்கவும் முடியும் என்பதால், யாருக்கு எந்தத் திரை, எந்தச் செயல் என்ற வரம்பு இன்றியமையாதது. சம்பள விவரமோ வங்கிக் கணக்கோ வெளியீட்டில் இருக்கக்கூடும். முன்பு எஸ்.டி.எஸ்.எஃப்பின் சொந்த அளவுரு அட்டவணைகளே பயனர்களைக் குழுக்களாகப் பிரித்து அனுமதி வழங்கின. 2021இல் வெளியான இசட்/ஓஎஸ் 2.5 முதல் இந்த அதிகாரம் முழுவதும் ரேக்எஃப் போன்ற பாதுகாப்பு மென்பொருள்களிடம் சென்றது. காட்சியை எல்லோருக்கும் திறந்த கருவி, அதிகாரத்தைத் தனியே பிரித்து வைத்ததால்தான் வங்கி, காப்பீடு, அரசுத் துறைகளின் கணினிகளில் நம்பிக்கையோடு நிலைத்திருக்கிறது.