பதின்மூன்றாம் இடத்துப் பயிற்சியாளர்: ஆங்கிலக் கால்பந்தில் பதவி நீக்கம் வழக்கமான வரலாறு

அணி தோற்றால் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்புவது இங்கிலாந்துக் கால்பந்தில் ஆட்டத்தோடு கூடப் பிறந்த வழக்கமன்று. தொடக்க காலத்தில் களமிறங்கும் பதினொருவரைப் பல கழகங்களில் இயக்குநர்களே கூடிப் பேசி முடிவு செய்தார்கள். செயலாளராக இருந்தவர் கடிதப் போக்குவரத்தையும் கணக்கையும் பார்த்துக்கொண்டார். அணியைத் தேர்ந்தெடுக்காத ஒருவரின் தலையில் தோல்வியைக் கட்ட வழியில்லை. ஆக, அதிகாரம் கைமாறிய பிறகே பழியும் கைமாறியது.

அந்த அதிகாரத்தைக் கேட்டு வாங்கியவர்களில் முதன்மையானவர் ஹெர்பர்ட் சாப்மன். ஹடர்ஸ்ஃபீல்டு அணிக்கு அடுத்தடுத்து இரண்டு லீக் பட்டங்களை வாங்கித் தந்துவிட்டு 1925இல் ஆர்சனலுக்கு வந்தார். முதல் பருவத்தில் இரண்டாமிடம். அதன்பின் 11, 10, 9, 14 என நான்கு பருவங்கள் அணி நடுவரிசையிலேயே கிடந்தது. இன்றைய கழகம் எதுவும் இவ்வளவு பொறுத்திருக்காது. ஆனால் 14ஆம் இடம் வந்த அதே பருவத்தில்தான், 1930இல், தம் பழைய ஹடர்ஸ்ஃபீல்டையே 2-0 என வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையை வென்றார். மறுபருவம் லீக் பட்டமும் வந்தது.

சரியாக அறுபது ஆண்டுகள் கழித்து இதே கதை மான்செஸ்டரில் நடந்தது. 1986 நவம்பரில் யுனைடெட்டில் பொறுப்பேற்ற அலெக்ஸ் ஃபெர்குசனின் முதல் மூன்று பருவங்கள் 11, 2, 11 என முடிந்தன. 1989 செப்டம்பரில் உள்ளூர்ப் பகையாளியான சிட்டியிடம் 5-1 என்ற அடி. டிசம்பர் 9 அன்று சொந்தத் திடலில் கிரிஸ்டல் பேலஸிடமும் தோற்றபோது, மூன்றாண்டுச் சாக்குப்போக்கு போதும், போய்வா என்ற பொருளில் ரசிகர் ஒருவர் பேனர் பிடித்தார். 1990 ஜனவரி 7இல் நாட்டிங்ஹாமில் கோப்பை ஆட்டம். மார்க் ஹியூஸ் காலின் வெளிப்புறத்தால் வளைத்து அனுப்பிய பந்தை மார்க் ராபின்ஸ் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். 1-0. அந்தப் பருவம் லீக்கில் 13ஆம் இடம், கையிலோ எஃப்.ஏ. கோப்பை.

ராபின்ஸின் கோல்தான் ஃபெர்குசனின் வேலையைக் காப்பாற்றியது என்பது ரசிகர் மரபு. அவரை நீக்கும் எண்ணமே இல்லை என்று அன்றைய தலைவர் மார்ட்டின் எட்வர்ட்ஸ் பின்னர் மறுத்தார். வெற்றிக்குப் பின் சொல்லப்பட்டது என்பதால் அதைச் சற்றுத் தள்ளி வைத்தே படிக்க வேண்டும். பொறுமைக்குச் சான்றாக ஃபெர்குசனை இழுப்பவர்களிடமும் ஒரு குறை உண்டு: பொறுத்தும் கரையேறாத அணிகளை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

பின்னர் சூழலும் மாறியது. 1992இல் பிரீமியர் லீக் பிறந்து தொலைக்காட்சிப் பணம் பெருகப் பெருக, கீழ்ப்பிரிவுக்கு இறங்குவதன் இழப்பும் பெருகியது. 2002-03 முதல் வீரர்களை வாங்கவும் விற்கவும் காலவரம்பு வந்தது. பருவத்தின் நடுவே ஜனவரி தவிர வேறு மாதத்தில் அணியை மாற்ற முடியாத நிர்வாகத்துக்கு, மாற்றக்கூடியவராகப் பயிற்சியாளர் ஒருவரே மிஞ்சினார். லெஸ்டருக்கு லீக் பட்டம் வாங்கித் தந்த கிளாடியோ ரனியேரி ஒன்பதே மாதத்தில், 2017 பிப்ரவரியில், நீக்கப்பட்டார். அடுத்த ஐந்து லீக் ஆட்டங்களிலும் லெஸ்டர் வென்றது.

நீக்கம் பலித்தது என்றுதானே தோன்றும்? 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீக் ஆட்டங்களை ஆராய்ந்த பொருளியலாளர் பாஸ் டெர் வீல், பயிற்சியாளரை மாற்றிய அணிகளை, அதேபோல் சரிந்தும் மாற்றாத அணிகளோடு ஒப்பிட்டார். இரண்டாம் வகையும் ஏறத்தாழ அதே அளவு மீண்டிருந்தது. பள்ளத்தில் விழுந்த அணி பெரும்பாலும் தானாகவே தன் வழக்கமான நிலைக்கு ஏறிவிடுகிறது. அந்தப் பெயரைப் புதிதாய் வந்தவர் தட்டிக்கொண்டு போகிறார்.

எனவே புள்ளிப் பட்டியலை மட்டும் வைத்துப் பயிற்சியாளரை எடைபோட முடியாது என்பதே என் கருத்து. ஃபெர்குசன் வந்ததும் சிறுவர்களைத் தேடிப் பிடிக்கும் பிரிவைப் பெரிதாக்கினார். 1987இல், சிட்டியின் பயிற்சிப் பள்ளிக்குப் போய்வந்த ஒரு பையனை, அவனது பதினான்காம் பிறந்தநாளன்று நேரே வீட்டுக்குப் போய்க் கேட்டு யுனைடெட்டில் சேர்த்தார். ஓல்ட் ட்ராஃபோர்டு திடலில் அந்த பேனர் உயர்ந்த நாளில், அந்தப் பையனான ரயன் கிக்ஸுக்கு 16 வயது முடிந்து பத்தே நாள்.